தேதி போட்ட வில்லைகள்

சித்தூரைச் சுற்றிப் புதிது புதிதாக மாங்கூழ்த் தொழிற்சாலைகள் வந்த காலத்தில், அவற்றில் ஒன்றில் கழிவுநீர்த் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டேன். தொட்டியின் அடியில் தங்கும் சேற்றை வில்லைகளாகத் தட்டி வெயிலில் காயவைத்தால் பாய்லரில் எரிக்கலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான். ஒவ்வொரு வில்லையிலும் தட்டிய தேதியைக் குச்சியால் கீறி வைப்பேன்.

பாய்லர்காரன் எங்கள் ஊர்க்காரன், என் நண்பன். சாயங்காலம் புத்தூர் பஸ்ஸில் தினமும் கேட்பேன்.

"இன்னிக்கி எப்பிடி எரிஞ்சிச்சி?"

"சூப்பரு மச்சான். விறகே வாணாம் போ!"

வீட்டுக்கு வந்ததும் டைரியில் "நன்றாக எரிந்தது" என்று எழுதுவேன்.

முதல் பெருமழையன்று விறகை மூடத் தார்ப்பாய் எடுத்துக்கொண்டு பாய்லர் அறையின் பின்பக்கம் போனேன். அங்கே என் வில்லைகள் மலைபோலக் குவிந்து, திரும்பவும் சேறாகிக்கொண்டிருந்தன. மேலே கிடந்த சிலவற்றில் மட்டும் தேதி இன்னும் தெரிந்தது.

"உள்ள ஒரே ஈரம் மச்சான், போட்டா வெறும் பொகதான். நீ அம்மாம் ஆசையா கேட்டுக்கினு வருவ. எப்பிடிச் சொல்றது?" என்றான் பாய்லர்காரன்.

முதல் நாளே சொல்லியிருந்தால் மெல்லிசாகத் தட்டியிருப்பேன். ஒரு கோடைகால வெயில் முழுக்க வீணாகியிருக்காது.

அன்று பஸ்ஸில் தனியாக உட்கார்ந்தேன். வீட்டில் டைரியைத் திறந்து, "நன்றாக எரிந்தது" என்று எழுதியிருந்த ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் "அவன் சொன்னது, நான் பார்க்கவில்லை" என்று சேர்த்தேன்.