மரகதம் அக்கா கேட்ட பென்சில் கோடு

அம்மா போனில் "மரகதம் போயிட்டாடா" என்று சொன்னபோது, டியூஷன் வாசலில் ஒருத்தனுடைய சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டுக்கொண்டிருந்தேன். "விளையாடாதம்மா" என்றேன். "உன்னாட்ட நான் எப்படா வெளையாடியிருக்கறேன்?" என்றார் அம்மா. அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

அவிநாசியில் எங்கள் லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கும், பனியன் கம்பெனியில் கூடவே தைத்தவர்களுக்கும் அக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாகப்பட்டினத்திலிருந்து கணவர் முருகேசன் அண்ணனோடு பிழைக்க வந்து எங்களுக்கு அடுத்த கதவில் குடியேறியவர். ஒரே வருஷத்தில் நம்மைவிட அதிகமாக 'ங்க' போடக் கற்றுக்கொண்டார். பால் குடிக்க வரும் பூனையைக்கூட "போங்க, போங்க" என்றுதான் விரட்டுவார். மரியாதை தெரிந்த பூனை, போகவே போகாது.

அவருடைய அப்பா நாகை துறைமுகத்துக் கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்தவர். "விளக்கம் கெடக்கட்டும், வெளக்கு எங்கக்கா?" என்று சீண்டினால் போதும், தையலை நிறுத்திவிட்டுக் கதை சொல்வார். கரண்ட் வராத காலத்தில் எண்ணெய் விளக்குதானாம். கனமான எடையைக் கையால் சுற்றி மேலே ஏற்றிவிட்டால், அது மெல்ல இறங்க இறங்க விளக்குக் கண்ணாடி சுழலுமாம். பகலில் அந்தக் கண்ணாடியைச் சுற்றித் திரை போடுவார்களாம். வெயில் உள்ளே குவிந்தால் தீப்பிடித்துவிடும். "ராத்திரி கப்பலுக்கு வழி காட்டும். பகல்ல சும்மா உட்டா நம்மளையே எரிச்சுப்போடுங்க, கண்ணு" என்பார். "எங்கூர்ல கடல்னா வறுத்த கடலை மட்டுந்தானுங்கக்கா" என்பேன். தலையில் ஒரு குட்டு விழும்.

அந்தக் கோபுரத்தில் விளக்கறைக்குக் கீழே ஒரு சுவர் உண்டு. ஒவ்வொரு பொங்கலுக்கும் அக்காவையும் தம்பி பாலுவையும் அங்கே நிறுத்தி, அவர்களுடைய அப்பா பழைய கோடுகளை அழித்துவிட்டுப் புது உயரத்துக்குப் பென்சிலால் கோடு போடுவார். கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பரில் பாலு போய்விட்டான். வீடும் போனது. அவனுடைய போட்டோ ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்தக் கோடுதான் மிச்சம்.

போன வருஷம் லைன் வீட்டுக்காரர்கள் வேன் பிடித்து வேளாங்கண்ணிக்குப் போனோம். அக்காவால் வர முடியவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். புறப்படும்போது வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "பக்கத்துலதான் நாகை. சாயங்காலம் மேல ஏற உடுவாங்க. பாலுவோட பென்சில் கோட்டை ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க கண்ணு. வெளையாடிப்போடாதீங்க."

நான் விளையாடினேன். கடலில் குதித்து, மீன் வறுவல் தின்று, நாகைக்குப் பஸ் பிடித்துப் போனபோது கலங்கரை விளக்கத்துக் கேட்டைப் பூட்டியிருந்தார்கள். மறுநாள் விடியற்காலையில் வேன் கிளம்பவேண்டும். நாங்கள் தங்கியிருந்த லாட்ஜின் மாடிப்படிச் சுவர் கொஞ்சம் அழுக்காக, பழசாக இருந்தது. பென்சிலை எடுத்து இரண்டு கோடுகள் போட்டேன். ஒன்று பெரிது, ஒன்று சின்னது. பழசாகத் தெரிய விரலால் தேய்த்தும் விட்டேன். அப்போது எனக்குச் சிரிப்புதான் வந்தது, சாமி சத்தியமாக.

போட்டோவைப் பார்த்து அக்கா சிரிக்கவில்லை. போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "இத்தனை உசரந்தான் இருந்தானா?" என்று கேட்டு அழுதார். லைன் முழுவதும் கூடிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் முருகேசன் அண்ணன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்த வாரமே அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு, பூ வைத்து மாட்டினார்கள்.

அக்கா இறந்த பத்தாம் நாள், வீட்டில் கோயம்புத்தூர் என்று சொல்லிவிட்டு நாகைக்குப் போனேன். இந்த முறை நேரத்தோடு போய், சீட்டு வாங்கி, வளைந்து வளைந்து போகும் படிகளில் ஏறினேன். ஒரு குடும்பம் எனக்கு முன்னால் செல்பி எடுத்துக்கொண்டே ஏறியது. மேலே சுவர் முழுக்க வெள்ளை பெயிண்ட், பளபளவென்று. அங்கிருந்த ஊழியரிடம் விசாரித்தேன். "இப்பதான் தம்பி அடிச்சோம். அதுக்கு முன்னாடி எல்லாச் செவுத்துலயும் கிறுக்கல். சின்னப் புள்ளைங்க கோடுகூட இருந்துச்சு" என்றார். எப்போது அடித்தார்கள் என்று கேட்டேன். இந்தக் கோடையில்தான் என்றார்.

நான் கடலில் ஆட்டம் போட்ட அன்றைக்குப் பாலு அங்கே இருந்திருக்கிறான்.

முருகேசன் அண்ணா, இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்க எழுதுகிறேன். நீங்கள் பூ வைக்கும் படம் ஒரு லாட்ஜ் சுவர். அக்கா அழுத அழுகை உண்மை. அழுதது நான் இஷ்டத்துக்குப் போட்ட உயரத்தைப் பார்த்து. படத்தைக் கழற்றிவிடுங்கள். வேண்டாம் என்றால் இருக்கட்டும். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. அதுவரை என்னைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிட்டார். போட்டோ பார்த்த அந்தச் சாயங்காலத்திலிருந்து, ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த நாள் வரைக்கும், 'தம்பி' என்று கூப்பிட்டார். நானும் ஒவ்வொரு முறையும் "என்னக்கா" என்று கேட்டுக்கொண்டு போய் நின்றேன்.