தீயில்லாத நாலுமணிப் பலகாரம்

என் கைப்பையில் குடை, சோற்றுப் பாத்திரம், பஸ்ஸுக்குச் சில்லறை இவற்றோடு ஒரு கேஸ் ரெகுலேட்டரும் இருக்கும். பஸ் குலுங்கும்போதெல்லாம் அது பாத்திரத்தில் முட்டி டங்கென்று சத்தம் போடும். பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்ப்பாள். வேலைக்குப் போகிற எவளாவது சிலிண்டரின் தலையைக் கழற்றிக்கொண்டு போவாளா? நான் போகிறேன்.

மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் குடோனுக்கு மேலே எங்கள் ஒற்றை அறை. கணவர் ஓட்டலில் பரோட்டா போடுகிறவர். காலையில் போனால் நாங்கள் தூங்கின பிறகுதான் வருவார். நான் இந்த ஊர் பிராட்வே கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையில் விற்பனைக்கு நிற்கிறேன். பத்து வயது மகளும் ஆறு வயது மகனும் பள்ளி விட்டு வந்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, நான் வரும்வரை தனியாக இருப்பார்கள். பக்கத்து அறைகளில் எல்லாம் வேலை தேடி வந்த ஆண்கள். பிள்ளைகளை யாரிடமாவது விட்டுப் போகலாமே என்று சொல்கிறவர்கள், அந்த யாராவதையும் காட்டிவிட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும்.

போன வருஷம், மறுநாள் ஹர்த்தால், ஊரெல்லாம் கடையடைப்பு என்று கடையைச் சீக்கிரமே சாத்தினார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் கேஸ் வாடை. தம்பிக்குச் சாயா போடலாம் என்று மகள் அடுப்பைத் திருகியிருக்கிறாள். லைட்டர் பற்றவில்லை. பயந்துபோய் திருப்பி மூடியிருக்கிறாள், பாதி மட்டும். அந்த வாடைக்குள் உட்கார்ந்து இருவரும் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு, இரண்டு பேரையும் வராந்தாவுக்கு இழுத்துப் போய் அடித்தேன். அடித்துவிட்டு நானே அழுதேன். அதிலிருந்து ரெகுலேட்டர், லைட்டர், தீப்பெட்டி மூன்றும் என் பையில். கத்தி பீரோவுக்கு மேலே.

ஆனால் வயிறு இருக்கிறதே. நாலு மணியானால் இந்த ஊரில் எல்லா வீட்டிலும் ஏதாவது பொரியும், இல்லாவிட்டால் வேகும். நாலுமணிப் பலகாரம் என்று அதற்குப் பெயரே உண்டு. என் பிள்ளைகளுக்கு நெருப்பில்லாத பலகாரம் கற்றுக்கொடுப்பது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தரையில் செய்தித்தாளை விரித்து மூவரும் உட்காருவோம். அவலை எவ்வளவு நேரம் நனைப்பது, எவ்வளவு இறுக்கிப் பிழிவது, பழத்தைக் கையால் எப்படிப் பிசைவது, முளைகட்டிய பயறில் எப்போது உப்புப் போடுவது. திராட்சை போடுகிற வேலை மகனுக்கு. கிண்ணத்தில் விழுவதைவிட அவன் வாயில் விழுவது அதிகம். யாராவது எட்டிப் பார்த்தால் விளையாட்டு என்றுதான் நினைப்பார்கள். நான் இல்லாத நேரத்துக்கு அவர்களைப் பழக்கிக்கொண்டிருந்தேன்.

சில வாரம் கழித்து மகள் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"எப்பவும் தணுத்ததுதானாம்மா? சூடா ஒண்ணும் திங்கவே பாடில்லையா?"

ஆறிப்போனதையும் சில்லென்று இருப்பதையும் அவள் தணுத்தது என்பாள், கூடாது என்பதைப் பாடில்லை என்பாள்; பள்ளியில் ஒட்டிக்கொண்ட மலையாளம். உடம்புக்கு இதுதான் நல்லது என்று சொல்லிவைத்தேன். கடையில் ஹாட்பாக்ஸ் விற்கும்போது நாள் முழுக்கச் சூடு நிற்கும் என்று கூசாமல் சொல்கிற வாய்தானே இது. அதில் ஒன்றை வாங்கிவந்து வைத்துப் பார்த்தாயிற்று. காலையில் வைத்த இட்லி சாயங்காலம் வேர்த்துப்போய்க் கிடந்தது. கரண்ட் கெட்டில் வாங்கலாமே என்றார் கணவர். மழைக்காலத்தில் எங்கள் பிளக்கில் பொறி பறக்கும் என்பதை மறந்துவிட்டார்.

இந்த வருஷம் பள்ளியில் தீயில்லாமல் சமைக்கும் போட்டி வைத்தார்கள். அம்மாக்கள் பின்னால் உட்கார்ந்திருந்தோம். மற்ற பிள்ளைகள் நொடிக்கொரு தரம் அம்மா முகத்தைப் பார்த்தார்கள். என் மகள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அவலைப் பிழிந்து, பழத்தைப் பிசைந்து, கிண்ணத்தைத் துடைத்து வைத்துவிட்டு, மேசையையும் துடைத்தாள். முதல் பரிசு அவளுக்குத்தான். மூடி போட்ட ஒரு ஸ்டீல் டப்பா கொடுத்தார்கள். டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எல்லோரும் பாக்கெட் தீனி வாங்கிக் கொடுக்கிற காலத்தில் நீங்கள் எவ்வளவு அக்கறையாக வளர்க்கிறீர்கள், மற்ற அம்மாக்களுக்கும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றார். அங்கிருந்து நேராகக் கடைக்குப் போக வேண்டும். ரெகுலேட்டர் சத்தம் போட்டுவிடாமல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். உடம்புக்கு நல்லது டீச்சர், என்று மட்டும் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

இங்கே கர்க்கடகம் என்கிற ஆடி மாத மழையில் ஒரு நாள் சாலையெல்லாம் தண்ணீர். பஸ் நின்ற இடத்திலேயே நின்றது. மிச்ச தூரத்தை நடந்து, சொட்டச் சொட்ட நனைந்து வந்து கதவைத் தட்டினேன். கரண்ட் இல்லை. மெழுகுவத்தி இருந்தது, பற்றவைக்கத் தீப்பெட்டிதான் இல்லை. அது என் பையில் நனைந்துகொண்டிருந்தது. பட்டன் போனின் வெளிச்சத்தில் மகள் கதவைத் திறந்தாள். மகன் பாயில் போர்வைக்குள் முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடந்தான். காய்ச்சலோ என்று பதறிப்போய் கையை விட்டேன். சட்டைக்குள், வயிற்றோடு ஒட்டி, அந்தப் பரிசு டப்பா.

"காய்ச்சல் ஒண்ணும் இல்லம்மா," என்றாள் மகள். "உனக்கு எடுத்து வெச்ச அவல். நீ நனைஞ்சுட்டு வருவேன்னு சூடாக்குறான். ரொம்ப நேரமாச்சு."

அவன் டப்பாவை எடுத்து என் கையில் வைத்தான்.

"தொட்டு நோக்கும்மா. சூடாயிருக்கு."

ஒரு பிள்ளையின் வயிற்றில் எவ்வளவு சூடு இருக்குமோ அவ்வளவு இருந்தது. ஈரப்புடவையோடு அப்படியே உட்கார்ந்து தின்றேன். அவன் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். நல்ல சூடுடா என்றேன். அப்புறம் ரெகுலேட்டரைப் பொருத்தி, லைட்டரால் அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சினேன். இருவரும் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். நாளைக்கு ரெகுலேட்டரை இங்கேயே விட்டுப் போகலாமா என்று பால் பொங்குகிற வரைக்கும் யோசித்தேன். எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

காலையில் சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரைக் கழற்றினேன். மகள் என் பையை எடுத்துவந்து, நான் போடுவதற்கு வசதியாக அதன் வாயைத் திறந்து பிடித்தாள்.