ஆர்.சி. புத்தகம் இல்லாத கார்

பழுது பார்த்தால் பனியன் மூட்டை ஏற்றலாம் என்று, குண்டடம் கிராமத்தில் சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் கிடந்த பழைய காரை மலிவாக வாங்கி, லாரியில் கட்டி ஊருக்கு இழுத்து வந்துவிட்டேன்.

விற்றவர், கணவரை இழந்த ஓர் அம்மா. ஆர்.சி. புத்தகம் கேட்டதற்கு, "அவரு சட்டைப் பையிலயே வெச்சிருப்பாருங்க. அந்தச் சட்டையோடயே எரிச்சுப்போட்டமுங்க" என்றார்.

இன்று காலை ஆர்.டி.ஓ. ஆபீஸ் குமாஸ்தாவிடம் இதைச் சொன்னேன்.

"சாவைப் பதிஞ்சாங்களா?"

"இல்லீங்க."

"அப்ப எங்களுக்கு அவரு உசுரோடதானுங்க இருக்காரு. கையெழுத்துப் போட வரச் சொல்லுங்க."

மதியம் பஸ் ஏறிப் போய் அந்த அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தேன். அவர் கேட்டார்:

"அப்ப நான் பொட்டு வெச்சுக்கலாமுங்களா?"

இதை எந்த ஆபீசில் கேட்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.