கறுவாக் கம்பனியின் மரண அறிவித்தல்

போன வருடம் தமிழ்ப் பள்ளிப் பேச்சுப் போட்டியில் என் மகள் பாதியில் வசனம் மறந்து நின்றபோது மண்டபம் சிரித்தது. காரில் ஏறியதும் ஆங்கிலத்தில் தீர்ப்புச் சொன்னாள். இன்னும் ஒரேயொரு தடவை பேசுவாள். அதற்கும் தன்னைப் பார்த்துச் சிரித்தால் தமிழ் வகுப்புக்கு முழுக்கு.

இந்த வருடத் தலைப்பு இலங்கையை ஆண்ட அந்நியர். ஒன்பதாம் வகுப்பு வரலாற்றில், கறுவாப்பட்டையும் கராம்பும் விற்ற ஒல்லாந்தரின் வணிகக் கம்பனியைப் படித்திருந்தாள். அதன் எழுச்சியையும் வீழ்ச்சியையும் நான் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அம்மா, இட்ஸ் சோ போரிங்" என்றாள். வேலையால் வந்து, அடுப்பில் கறி கொதிக்கக் கொதிக்க எழுதினது. எனக்குச் சுள்ளென்று ஏறியது.

"அப்ப நீயே எழுது" என்றுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த கிரவீனில் எங்கள் வீட்டில் காலைத் தேத்தண்ணி மரண அறிவித்தலோடுதான் இறங்கும். என் கணவர் இணைய வானொலியைப் போட்டுவிடுவார். தெரிந்த ஊர் வந்தால் சத்தத்தைக் கூட்டுவார். "விடியவெள்ளென உதையே கேக்கிறது?" என்று நான் கத்தாத நாளில்லை. மகள் காதில் வாங்குவதாகவே தெரியாது. ஆனால் அட்சரம் விடாமல் வாங்கியிருக்கிறாள். அவளுக்குத் தடக்குப்படாமல் வருகிற தமிழ் அது ஒன்றுதான். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு வந்து வாசித்தாள். கம்பனிக்கு மரண அறிவித்தல்.

கணவர் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். நான் குறுக்கிட்டேன். "மேடையில செத்தவீட்டு அறிவித்தலோ? சிரிப்பினமடி."

"லெட் தெம். திஸ் டைம் தே கேன் லாஃப் அட் த கம்பனி" என்றாள்.

போட்டியன்று மண்டபத்தின் பின்பாதி முழுக்க மூத்தவர்கள். கையில் ரோல்ஸ், வாயில் ஊர்க்கதை. மேடையில் யார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. மகள் வானொலிக் குரலின் அதே இழுவையில் தொடங்கினாள்.

"ஒல்லாந்தைப் பிறப்பிடமாகவும், பத்தாவியாவை வதிவிடமாகவும், யாழ்ப்பாணக் கோட்டையைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட கம்பனி அவர்கள், அரச பட்டயம் பெற்று, சொந்தப் படையோடும் சொந்த நாணயத்தோடும் சீரும் சிறப்புமாக வாழ்ந்து, ஊழியர்களின் களவாலும் தீராத கடனாலும் நெடுநாள் சுகவீனமுற்றிருந்து காலமானார்."

அந்தக் கடைசிச் சொல் விழுந்ததும் பின்வரிசையில் ஒரு அங்கிள் எழும்பினார். மௌன அஞ்சலிப் பழக்கதோஷம். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர், அவரைப் பார்த்து அந்த வரிசை. முன்னால் நடுவர்களும் எழுந்து தலையைக் குனிந்துவிட்டார்கள். ஒரு அன்ரி வாயிலிருந்த ரோல்ஸை மெல்லாமல் நின்றார். வெட்கக்கேடு, நானும் எழும்பிவிட்டேன்.

மகள் பேச்சை நிறுத்திவிட்டாள். யாராவது ஒருத்தர் இப்போது சிரித்தால் தமிழ் இன்றோடு சரி. ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் மண்டபத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு தானும் தலை குனிந்து நின்றாள். வேண்டிய நேரம் நின்றுவிட்டு, "நன்றி, அமருங்கள்" என்றாள். எல்லோரும் ஒழுங்காக உட்கார்ந்தோம்.

"அன்னார் கறுவாவின் ஆசைக் கணவரும், கராம்பு, சாதிக்காய் ஆகியோரின் பாசமிகு தோழரும் ஆவார். அன்னாரின் யாழ்ப்பாணத்துச் சொத்துகளை ஆங்கிலேயர் பொறுப்பேற்றுள்ளனர். தகவல், கடன் கொடுத்தவர்கள்."

முன்வரிசைக்கு அப்போதுதான் விளங்கியது. நடுவர் ஒருவர் மேசையில் தட்டிச் சிரித்தார். மகளும் சிரித்தாள். நான் அழுதேன், ஏனென்று கேட்காதீர்கள்.

சிரிப்பு பின்வரிசை வரை போகவேயில்லை. கீழே இறங்கிய மகளின் கையை அந்த ரோல்ஸ் அன்ரி வந்து பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"கவலைப்படாதேங்கோ பிள்ளை. செத்தவர் உங்களுக்கு நெருங்கின சொந்தமே?"

மகள் ஆங்கிலத்தில் ஏதும் சொல்லிவிடுவாள் என்று நான் குறுக்கே வாயைத் திறந்தேன். அவள் முந்திவிட்டாள்.

"இல்லை அன்ரி. எங்களை ஆண்டவை."