எங்கிட்ட இருக்குதுங்க

ரெக்கார்டு சேர்த்த காலத்தைப் பற்றி யாராவது உருக ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அந்தத் தேடல் இருக்கே, அதுதான் சார் சுகம்" என்பார்கள். இப்போது கோயம்புத்தூரில் காபி குடிக்கப் போனால்கூடச் சுவரில் ரெக்கார்டை ஆணியடித்து மாட்டி வைத்திருக்கிறார்கள். ஒருநாளும் தட்டில் ஊசி வைத்துப் பார்க்காத பிள்ளைகள் அதன் கீழே உட்கார்ந்து, "வார்ம் சவுண்ட்" என்று கண்ணை மூடிக்கொள்கிறார்கள். கடையில் ஓடுவதோ கல்லாவில் இருப்பவரின் ஃபோன் பாட்டு.

ஆனால் அவர்களைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை. பம்புசெட் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த நாளில் என் அலமாரியில் நாற்பத்தாறு ரெக்கார்டுகள் இருந்தன. நான் பேசுகிற பேச்சைக் கேட்டால் நானூறு என்று நினைப்பீர்கள். சேர்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தத் தட்டைப் பற்றிச் சொன்னாலும் "கேட்டிருக்கேனுங்க" என்போம். அதற்கும் ஒரு படி மேலே போனால், "எங்கிட்ட இருக்குதுங்க." சரிபார்க்க வேண்டுமானால் வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தால்தான் உண்டு. அப்படியே வந்தாலும், "ஒருத்தர் கேட்டுட்டுத் தாரேன்னு வாங்கிட்டுப் போனாருங்க" என்று சொல்லித் தப்பிக்கலாம். ஒப்பணக்காரத் தெருக் கடை ஒன்றில் சனிக்கிழமைதோறும் கூடிய நாங்கள் ஐந்தாறு பேர், இப்படி ஒருவரையொருவர் ஏமாற்றித்தான் ரசனையை வளர்த்தோம்.

இந்த வாயோடுதான் பல்லடத்துக்குப் பெண் பார்க்கப் போனேன். பெண்ணின் அப்பா வீட்டுக்குப் பின்னால் எட்டு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்காகத் தறிகளை நிறுத்தியிருந்தார், ஆனாலும் பழக்க தோஷத்தில் கத்தித்தான் பேசினார். பையன் ரெக்கார்டு சேர்க்கிறான் என்று என் அம்மா பெருமையடித்ததும் மனிதர் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்துவிட்டார்.

"ஏனுங்க, ஒரு ரெக்கார்டுங்க. பேரு தெரியாதுங்க. அந்தியூர் குதிரைச் சந்தைக்குப் போயிருந்தப்ப மழ புடிச்சுக்கிச்சு, ஒரு மைக் செட்டுக்காரரு பந்தல்ல ஒதுங்குனேன். பூராவும் கிளாரினெட்டுங்க. நடுவால தவிலு, குதிரை நடக்கறாப்புலயே வருமுங்க. என்ன ரெக்கார்டுன்னு கேக்கறதுக்குள்ள அவரு தட்டை மாத்திப்போட்டாரு. பன்னெண்டு வருசமாத் தேடறேனுங்க. நீங்க கேட்டிருக்கறீங்களா?" என்றவர், மெட்டை முனகியும் காட்டினார்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல நாலே எழுத்து. ஆனால் பெண் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கிட்ட இருக்குதுங்க" என்றேன். அதோடு விட்டேனா? "அந்தத் தவிலு ரெண்டாவது பக்கத்துலதானுங்களே வருது?" என்று வேறு அளந்துவிட்டேன்.

அவருக்கு முகமெல்லாம் பல். "கெடச்சுப்போச்சு பாருங்க!" என்று வீட்டுக்குள் பார்த்துக் கத்தினார். பெண் கிடைத்த நான் சொல்ல வேண்டியதை அவர் சொன்னார்.

கல்யாணத்துக்குள் எப்படியாவது பிடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். டவுன்ஹால் பக்கத்துக் கடைகள், உக்கடம் பழைய சாமான் கடைகள் எல்லாம் ஏறி இறங்கினேன். பெயர் தெரியாத தட்டை எப்படிக் கேட்பது? கடைக்காரர் முன்னால் நின்று முனகுவேன். ஒருவர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தி, "தொண்டைக்குன்னா மருந்துக்கடை எதிர்லீங்க" என்றார். சுகமான தேடல்! மூன்று ரெக்கார்டு வாங்கினேன். ஒன்றில் தவிலே இல்லை. இன்னொன்றில் தவில் இருந்தது, ஆனால் குதிரை நடக்கவில்லை, தறிகெட்டு ஓடியது. மூன்றாவதை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால், ஷெனாய். அதோடு தேடுவதை விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையிடம் மாமனார் எதையும் நேராகக் கேட்க மாட்டார். அந்த மரியாதைதான் என்னைக் காப்பாற்றியது. ஒவ்வொரு தீபாவளிக்கும் சாப்பிட்டு எழுந்து வெற்றிலை போடும்போது மெல்ல ஆரம்பிப்பார்.

"மாப்பிள்ளை, ரெக்கார்டெல்லாம் நல்லா இருக்குதுங்களா?"

பிள்ளைகளின் உடம்பை விசாரிப்பது போலத்தான் கேட்பார்.

"நல்லா இருக்குதுங்க மாமா. அடுத்த வாட்டி கொண்டாரேனுங்க."

"அதுக்கென்னங்க, மெதுவாக் கொண்டாங்க."

அந்த ஒரு தட்டுக்காகவே பழைய பிளேயர் ஒன்றை வாங்கி, துண்டு போர்த்தி மேசைமேல் வைத்திருந்தார். அந்தத் துண்டு கண்ணில் படாத பக்கமாகப் பார்த்துத்தான் நான் உட்காருவேன்.

என் மனைவிக்குக் கல்யாணமான முதல் வாரமே விஷயம் தெரிந்துவிட்டது. அலமாரியைத் துடைக்கிற சாக்கில் அத்தனை ரெக்கார்டையும் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, எங்கப்பன் சொன்னது இதுல எதுங்க?" என்றாள்.

"அதை ஒருத்தர் கேட்டுட்டுத் தாரேன்னு..."

"யாருங்க அந்த ஒருத்தர்?"

நான் ரெக்கார்டுகளைத் திரும்ப அலமாரியில் அடுக்க ஆரம்பித்தேன். "நல்லாத்தான் வாச்சுது எனக்கு" என்று துணியை உதறிவிட்டுப் போனாள். அப்பாவிடம் அவள் சொல்லவில்லை. கட்டிக்கொண்டவன் பொய்யன் என்று எந்த மகள் போய்ச் சொல்வாள்?

பல வருஷம் கழித்து ஒரு சண்டையில்தான் இன்னொன்றையும் எடுத்துப்போட்டாள். வெள்ளகோவிலில் அவர்களுடைய உறவுக்காரர் ஒருவர் மைக் செட் தொழிலை விட்டபோது, பெட்டி பெட்டியாக ரெக்கார்டு கிடக்கிறது, வந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மாமனாரைக் கூப்பிட்டிருக்கிறார். இவர் போகவே இல்லையாம். "மாப்பிள்ளைகிட்ட இருக்கறப்ப நமக்கெதுக்குங்க?" என்று சொல்லிவிட்டாராம்.

பன்னிரண்டு வருஷம் தேடிய மனிதர், நான் வாயைத் திறந்த அன்றைக்குத் தேடுவதை நிறுத்தியிருக்கிறார். அதைக் கேட்டதும் எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போதாவது போய் உண்மையைச் சொன்னேனா? அந்தத் தீபாவளிக்கும் "அடுத்த வாட்டிங்க மாமா" என்றுதான் சொன்னேன்.

இந்தப் பொங்கலுக்குப் பல்லடம் போயிருந்தோம். மாமனார் தறிகளை எடைக்குப் போட்டு நாலைந்து வருஷம் ஆகிறது. ஆயுசு முழுக்க அந்தச் சத்தத்தில் நின்றதில் அவருக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம். கொய்யென்று இரைகிறது என்று கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். வாயசைவைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வார், புரியாததற்கெல்லாம் "ஆமாங்க, ஆமாங்க" என்று சிரிப்பார்.

உள்ளே நான் வழக்கம்போல என் மகளைப் பிடித்து உட்காரவைத்துப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். கையில் பிடித்துப் பார்க்காத பாட்டெல்லாம் ஒரு பாட்டா, எங்கள் காலத்தில் ஒரு ரெக்கார்டுக்காக நாயாக அலைவோம் தெரியுமா, என்று.

"அலஞ்சீங்க சரி, கெடச்சுதாப்பா?" என்றாள்.

"நல்லாக் கெடச்சுது" என்றாள் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த என் மனைவி. சொல்லிவிட்டு, அந்த மெட்டை முனகினாள். தறி நின்ற நேரத்திலெல்லாம் அவள் அப்பா முனகி முனகி அவளுக்கும் அது அத்துப்படி.

"இன்னொருக்கா பாடும்மா" என்று மகள் ஃபோனை நீட்டினாள். அவள் இன்னொரு முறை முனகினாள். நான் மூச்சு விடுவதற்குள் ரெக்கார்டின் பெயர், வாசித்தவர் பெயர், அட்டைப்படம் எல்லாம் திரையில் வந்து நின்றன. மகள் தொட்டாள். கிளாரினெட். கொஞ்ச நேரத்தில் தவில் சேர்ந்தது, குதிரை நடந்தது. அவர் சொன்னதில் ஒரு சொல்கூட மிகையில்லை.

"அப்புச்சிகிட்டக் காட்டறேன்" என்று மகள் எழுந்தாள்.

"நீ இரு கண்ணு" என்று என் மனைவி அவளை உட்காரவைத்தாள். பிறகு என்னிடம், "நீங்க கொண்டுபோய்க் குடுங்க. இருக்குதுன்னு சொன்னது நீங்கதானுங்களே?" என்றாள்.

வாசலில் உட்கார்ந்திருந்த மாமனாரிடம் போனேன். குனிந்து காதோரம் கத்தினேன். "மாமா! அந்தியூர் ரெக்கார்டு! கொண்டாந்துட்டேனுங்க!"

மூன்றாவது தடவைதான் அவருக்குப் புரிந்தது. எழுந்து நின்று, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தார். ஃபோனை வாங்கி இரண்டு கையாலும் காதோடு சேர்த்துப் பிடித்தார். முதலிலிருந்து வரட்டும் என்று கொடுக்கும்போதே நான் திரையைத் தொட்டிருந்தேன். காசு கட்டாத செயலி, பாட்டுக்கு முன்னால் விளம்பரம் வந்து தொலைத்தது. சரவணம்பட்டிக்குப் பக்கத்தில் மனை வாங்கச் சொல்லி ஒரு பெண் கூவ ஆரம்பித்தாள்.

மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். தலை மெல்ல ஆடியது. கால் விரல் தரையில் தாளம் போட்டது.

"இதேதானுங்க மாப்பிள்ளை" என்றார். "அதே தவிலுங்க. இத்தன வருசம் பத்திரமா வச்சிருந்து கொண்டாந்தீங்க பாருங்க."

ஃபோனில் அந்தப் பெண், பத்திரப்பதிவு இலவசம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.