வரைபடத்தில் இருந்த கோயில்

கிள்ளான் பள்ளத்தாக்கில் என்னிடம் கையெழுத்துப் போடாத மனைக்காரர் ஒருவர் இன்னும் பிறக்கவில்லை என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. புதிய மின்கம்பிப் பாதை எந்தெந்த நிலத்தின் மேல் போகிறதோ அங்கெல்லாம் போய், உட்கார்ந்து பேசி, சம்மதம் வாங்கி வருவது என் வேலை. பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் தோசை சுட்டு மூடி வைத்துவிட்டுக் கிளம்பினால், மத்தியானத்துக்குள் மூன்று வீட்டில் தேநீர் குடித்திருப்பேன். தலைக்கனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலை தெரிந்தவளின் தலைக்கனம்.

கிள்ளானுக்கு அப்பால் கிடங்குகள், புதிய வீடமைப்புகள், கணினிகளை மட்டும் குடிவைத்த ஜன்னலில்லாத கட்டடங்கள் எல்லாம் ஒரே மூச்சில் மின்சாரம் கேட்டன. பழைய கம்பியால் அந்தப் பசியைத் தாங்க முடியாது. புதிய கம்பி வந்தே ஆக வேண்டும் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

கம்பிக்குக் கீழே இருபுறமும் ஒரு பட்டை நிலத்தில் வீடு இருக்கக் கூடாது. அதை ரெந்தீஸ் என்போம். எங்கள் வரைபடத்தில் அந்த ரெந்தீஸ் ஓர் அக்காவின் வீட்டை முழுதாக விழுங்கியிருந்தது. கணவர் இறந்தபின் இடியாப்பம் பிழிந்து கடைகளுக்குக் கொடுத்தே அந்த வீட்டை அவர் வாங்கியிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் கத்தவில்லை. அச்சைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"ஹைவேக்கு ஒரு வாட்டி வீட்ட விட்டு எழுந்தேன். ஹவுசிங்குக்கு ஒரு வாட்டி எழுந்தேன். இப்போ கரண்ட்டுக்கா?" என்றார். "நட்டஈடு குடுப்பீங்க, தெரியும்லா. இந்தத் தடவ எழுந்திருக்க எனக்குத் தெம்பு இல்லம்மா."

கொடுத்த தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

காரில் உட்கார்ந்து வரைபடத்தை மறுபடி விரித்தேன். நேராக வந்த கோடு அந்தத் தெருவுக்கு முன்னால் வளைந்து, அக்காவின் வீட்டின்மேல் ஏறியது. ஏன் வளைந்தது? நேர்க்கோட்டில், நாலு மனை தள்ளி, கோயில் என்று மலாயில் குறித்திருந்தது. சரிதான். இந்த நாட்டில் கோயிலை நகர்த்துவதைவிட மலையை நகர்த்துவது சுலபம். கோயிலைப் பார்த்ததும் பொறியாளர்கள் கோட்டை ஒதுக்கிவிட்டிருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்.

வந்தது வந்தோம், ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம் என்று நடந்தேன். அங்கே கோயிலும் இல்லை, சாமியும் இல்லை. புல்லுக்கு நடுவில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த ஐந்து செங்கல், காய்ந்த மாவிலை, முளைத்துக் கருகிய நவதானியம். வீடு கட்டப் பூமி பூசை போட்ட இடம்! அளக்க வந்த மலாய்த் தம்பிகள் மஞ்சளையும் குங்குமத்தையும் பார்த்துக் கோயில் என்று மரியாதையாக எழுதிவிட்டார்கள். நம் ஆள் ஒருவர் கூடப் போயிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார். நான்தான் போயிருக்க வேண்டும். அன்றைக்கு அலுவலகத்தில் குளிரூட்டியின் கீழே உட்கார்ந்திருந்தேன்.

அந்த இடத்தின் மனைக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பூசை போட்டுவிட்டு, நகராண்மைக் கழகத்தின் அனுமதிக்காகக் காத்திருந்தார். அவருடைய ஃபிளாட்டுக்குப் போய் நான் கதையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அப்போ கோயில் இல்லன்னா கம்பி என் மனை மேல வருமா?" என்று கேட்டார்.

"வரும் அண்ணே. பாதை இன்னும் முடிவாகல. கோயில் இல்லன்னு நீங்க எழுதிக் குடுத்தா வளைவ எடுத்துடுவாங்க. அந்த அக்கா வீடு தப்பிச்சிடும்."

"என் வீடு?"

"உங்க வீடு இன்னும் கட்டல."

அந்தப் பதில் சரி என்றுதான் அன்று நினைத்தேன். அவர் முகம் இறுகிப்போனது. "முப்பது வருசம் கம்பெனி குவார்ட்டர்ஸ், அப்புறம் ஃபிளாட். எனக்கு இது மட்டும்தான். கோயில்னே இருக்கட்டும்லா," என்று கதவைச் சாத்தினார்.

அடுத்த வாரம் அந்த மனைக்குப் போனேன். செங்கலுக்கு நடுவில் ஒரு வேல் நின்றது. மேலே தகரக் கூரை, பக்கத்தில் உண்டியல்கூட. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை கேட்டிருக்கிறேன். இங்கே வீடு கட்டப் போய் முருகன் வந்து நின்றார். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

"சாமி கண்ணக் குத்தும் அண்ணே," என்றேன்.

"குத்துனா என் கண்ணத்தானே? நீ ஏன் கவலப்படுற?" என்றார்.

அலுவலகத்தில் நானே எழுதிக் கொடுத்திருக்கலாம். அவருடைய ஒப்புதல் இல்லாமல், அதுவும் வேல் நிற்கிற இடத்தைக் கோயில் இல்லை என்று யார் ஏற்பார்கள்? உள்ளதைச் சொன்னால் எனக்கும் பயம். கோயில் விஷயத்தில் கை வைத்தவள் என்று பெயர் வந்துவிட்டால் பிரிக்பீல்ட்ஸில் தலைகாட்ட முடியாது. அக்காவிடமும் வாயைத் திறக்கவில்லை. அவர் சண்டைக்கு வந்தால் காரியம் கெட்டுவிடும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது முறை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனேன். சட்டம் பேசுவதற்குக் கையில் தாள்களோடு, நன்றாகத் தயாராகி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை.

வேலுக்கு முன்னால் அந்த அக்கா நின்றிருந்தார். குளித்த ஈரத் தலை, கையில் நெய்விளக்கு, இலையில் சுடச்சுட இடியாப்பமும் சர்க்கரையும். கண்ணை மூடிக்கொண்டு, எனக்குக் கேட்கிற அளவுக்கே வேண்டினார்.

"முருகா, இந்தக் கம்பி என் வீட்டு மேல வராம நீதான் பாத்துக்கணும். வேற யாருகிட்ட போவேன்?"

மனைக்காரர் எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அத்தனை பெரிய சரக்குப் பெட்டிகளை ஆகாயத்தில் தூக்கி இறக்கிய மனிதர், கை எங்கே வைப்பது என்று தெரியாமல் வேலியைப் பிடித்துக்கொண்டார். அக்கா திருநீறு பூசிக்கொண்டு வந்து, படைத்த இடியாப்பத்தில் பாதியை அவரிடமே நீட்டினார்.

"புண்ணியமாப் போகும் அண்ணே. பக்கத்துலயே சாமிய வெச்சுக் குடுத்தீங்க."

அக்கா போன பிறகு வெகு நேரம் அவர் அந்த இலையை வைத்துக்கொண்டு நின்றார். தின்னவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"எழுதிக்கம்மா," என்றார் கடைசியில். "இது வீடு. கோயில் இல்ல."

காரின் முன்மூடிமேல் தாளை விரித்துக் கையெழுத்துப் போட்டார். அதன்பிறகுதான், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். நாடாவை எடுத்து அவர் மனையை அளந்தேன். ரெந்தீஸ் போக, பின்பக்கம் ஒரு சின்ன வீட்டுக்கு இடமிருந்தது. வாசல் கிழக்கே வைக்க முடியாது; வடக்கே வைக்கலாம். சின்ன வீடு போதும் என்றார்.

பாதை நேராகிவிட்டது என்று அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து நன்றி சொல்வார் என்று, உண்மையைச் சொன்னால், எதிர்பார்த்தேன். அவர் என்னைத் தாண்டி, செருப்புப் போடாமல் வேலிடம் ஓடினார். பின்னாலேயே நானும் போனேன். கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்த மனைக்காரரின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எடுக்காதீங்க அண்ணே. நான் கேட்டதக் குடுத்த சாமி."

மனைக்காரர் என்னைப் பார்த்தார். கீழே கிடந்த சுத்தியலை எடுத்து நீட்டினேன். கழற்றிய ஆணிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்தார்.