கன்னையா நம்பிய பனிமலை

அய்யாவு அண்ணன் எந்தத் தண்ணீரைக் கண்டாலும் முதலில் சுண்டுவிரலை நனைப்பார். நகம் மூழ்கும் அளவுக்குத்தான். பிறகு தலையைச் சற்றே சாய்த்து, யாரோ காதில் சொல்வதைக் கேட்பவர்போல் ஒரு நொடி நிற்பார். குளிக்கிற தொட்டி, கைகழுவுகிற செம்பு, தெருவோர ஒட்டுக்கடைக் காப்பி, எதற்கும் விலக்கில்லை.

கடைக்கார விஜயன் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "அண்ணே, அது குடிக்கிறதுக்கு. படம் கழுவுறதுக்கு இல்ல," என்றான்.

அண்ணன் விரலைத் துடைத்துக்கொண்டு, "சூடு ஜாஸ்தி லா. ஐஸ் போடணும்," என்றார்.

பிரிக்பீல்ட்ஸ் போட்டோக் கடையொன்றின் இருட்டறையில் பதினோரு வருஷம் வேலை பார்த்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. நம் ஊர் வெக்கையில் மருந்துத் தண்ணீர் சூடேறினால், கண்ணாடித் தகட்டின்மேல் பூசிய பசை இளகி, பாலாடைபோல் உரிந்து வந்துவிடும். மாப்பிள்ளையின் மூக்கு ஒரு பக்கம், பெண்ணின் மாலை ஒரு பக்கம் என்று தட்டில் மிதக்கும். ஆகவே ஐஸ் போடு, விரலை வை, பிறகு தகட்டை இறக்கு. கைக்கு அது மந்திரம்போல் மனப்பாடம்.

கிளாங் பக்கத்துத் தோட்டமொன்றில் மேனேஜராக இருந்த நார்வேக்காரத் துரை, தாம் எடுத்த படங்களை அண்ணனிடம்தான் கழுவக் கொடுப்பார். முப்பத்து நாலாம் வருஷம் நீண்ட லீவில் ஊருக்குக் கிளம்பியபோது, வடகோடியில் பனிமலைகளைப் படமெடுக்கப் போகிறேன், கூட வருகிறாயா என்று கேட்டார். போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பலேறிய அண்ணன் எட்டு மாதம் கழித்துத் திரும்பினார். கன்னத்தில் தோலுரிந்த தழும்பு. பெட்டி நிறையக் கண்ணாடித் தகடுகள்.

போவதற்கு முன்பே கிளாங்கில் வீரம்மா என்பவரின் மகள் சீதாலெட்சுமியை அவருக்குப் பேசி வைத்திருந்தார்கள். பெண்ணுக்குச் சம்மதம். தாய்க்கும் சம்மதம். ஆனால் தகப்பனில்லாத பெண். தாய்மாமன் கன்னையா தலையசைக்காமல் தாம்பூலம் மாற்ற முடியாது. கன்னையா சுங்கை பீசியில் ஈயம் எடுக்கிற லம்பத்தில் மேஸ்திரி. காலை முதல் மாலை வரை தலையில் தொப்பியோடு அலைபவர். எட்டு மாதக் கதையை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

"சிங்கப்பூர்ல ஐஸ் கம்பெனியில மூட்டை தூக்கிட்டு வந்து, பனிமலைங்கிறான். பொய்யனுக்கு நான் பொண்ணு குடுக்கமாட்டேன்."

வேறு வழியில்லை. எங்கள் வாசகசாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், விளக்கு வைத்துச் சுவரில் படம் காட்டுவதாக ஏற்பாடானது. வீரம்மாவும் சீதாலெட்சுமியும் கிளாங்கிலிருந்து ரயிலில் வந்தார்கள். கன்னையா முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்தார். படக்கண்ணாடிகளை மாற்றும் வேலை எனக்கு. அதனால் நான் சுவரைவிட முகங்களைத்தான் அதிகம் பார்த்தேன்.

முதல் படம் விழுந்தது. கடலோரத்தில் செங்குத்தாக ஒரு பனிச்சுவர்.

"தம்பி, இது நம்ம பத்துமலைல்ல?" என்றார் கன்னையா. "படிக்கட்டை மட்டும் சாமர்த்தியமா மறைச்சிட்டே."

"இல்ல மாமா, அது பனிக்கட்டி. நகர்ந்துகிட்டே இருக்கும்."

"தாம்பூலமே மாத்தல, அதுக்குள்ள மாமாவா?"

சபை சிரித்தது. அடுத்த படம், அதற்கடுத்த படம். எல்லாம் பனிதான். ஆனால் எல்லாம் சாம்பல் நிறத்தில் இருந்தன.

"இது எங்க லம்பத்து மண்ணு," என்றார் கன்னையா. "மழை பெஞ்ச மறுநாள் இப்படித்தான் கிடக்கும். பனின்னா வெள்ளையா இருக்கவேணாமா? இது என்ன, அடுப்புச் சாம்பலா?"

அண்ணன் காதுவரை சிவந்தார். பிறகு உண்மையைச் சொன்னார். பனியின் பளபளப்பைக் கண்டு, வெளிச்சம் கூடிவிடும் என்று பயந்து, கேமராக் கண்ணைச் சீக்கிரமே மூடிவிட்டாராம். அதனால்தான் மங்கல். "அதுகூடப் பரவாயில்ல. ஒரு பிளேட்டு அடியோட போச்சு. குடிசைக்குள்ள உட்கார்ந்து கழுவினேன். பழக்கதோஷம். வெளியில போயி ஒரு கட்டி ஐஸ் உடைச்சிட்டு வந்து மருந்துல போட்டுட்டேன்."

"அப்புறம்?" என்றார் யாரோ.

"குளிர்ல மருந்து தூங்கிப் போச்சு. முக்கால் மணி நேரம் ஆட்டினேன், படம் எழும்பவே இல்ல. துரை எட்டிப் பார்த்துட்டு, தரையில உட்கார்ந்து சிரிச்சாரு. அன்னையிலேர்ந்து மருந்து பாட்டிலை அக்குள்ள வெச்சிக்கிட்டுத்தான் தூங்கினேன்."

வீரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அய்யோ, பனிமலையில போயி ஐஸ் போட்டீங்களா மாப்பிள்ளை!" என்றார்.

"அக்கா!" என்று அதட்டினார் கன்னையா. "மாப்பிள்ளையா இல்லையான்னு நான் இன்னும் சொல்லல."

கடைசிக் கண்ணாடியைச் செருகினேன். அறையே வெளுத்தது. வெண்மை, மேட்டின்மேல் மேடாக, மடிப்பு மடிப்பாக இறங்கியது. முன்வரிசை முகங்களெல்லாம் அந்த வெளிச்சத்தில் மாவு பூசினாற்போல் இருந்தன. ஓரத்தில் தொப்பி போட்ட ஒரு மனிதர், எறும்பளவுக்கு. கன்னையா எழுந்து சுவர்வரை போய், அந்த எறும்பைத் தொட்டார்.

"இது யாரு?"

"ஒரு ஆளு மாமா. மேடு எவ்வளவு பெரிசுன்னு தெரியணும்ல?"

"துரையா?"

அண்ணன் மேசைமேலிருந்த தண்ணீர்க் கோப்பையில் சுண்டுவிரலை நனைத்துக்கொண்டார்.

"நிக்கிற தோரணையைப் பாருங்க," என்று கன்னையா சபைப்பக்கம் திரும்பினார். "வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான். இதுதாம்பா பனி! எங்க லம்பத்துல இவ்வளவு வெள்ளை ஏது? அக்கா, நாள் பாரு."

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. அந்தப் படத்தில் ஒரு பிரதி கேட்டு வாங்கி, சட்டம் போட்டு, கன்னையா தம் வீட்டு வாசலுக்கு நேரே மாட்டிக்கொண்டார். வருகிறவர்களுக்கெல்லாம் பனியைப் பற்றி விளக்கமும் சொல்வார்.

ஒரு வருஷம் கழித்து அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் படம் மட்டும் எப்படி அவ்வளவு வெள்ளையாக வந்தது என்று கேட்டேன். அண்ணன் கூரையைப் பார்த்தார். சீதாலெட்சுமிதான் காப்பியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னும் உங்ககிட்ட சொல்லலையா? ஐஸ் போட்டுக் கெட்டுப்போச்சே, அதுதான் பெரிய மலை. அது இல்லாம எப்படிச் சபையில நிக்கிறதுன்னு இவரு சுங்கை பீசிக்குப் போயி, லம்பத்து மணல்மேட்டை உச்சிவெயில்ல எடுத்துட்டு வந்தாரு. நம்ம ஊரு வெயில் இவருக்கு அத்துப்படியாச்சே, பளிச்சுனு விழுந்திருச்சு. எனக்கே கல்யாணம் ஆன மூணாம் நாள்தான் சொன்னாரு."

"அப்போ அந்தத் தொப்பிக்காரர்?"

"எங்க மாமாதான். சோத்துக்குப் போயிட்டிருந்தாரு."